எட்டாவது நாற்காலி

அத்தியாயம் 9

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. பாம்புச்செவி ஒலிப்பதிவுக் கூடத்தின் படி ஏறினாள்.

முதல் நாள் சாயங்காலம் சவுண்டு இன்ஜினியர் போன் செய்ததையும், அவர் சொன்ன ஒரு வரியைக் கேட்டு அவள் அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றதையும் போன வாரம் பார்த்தோம். "மேடம், அந்த நிசப்தத்துல என்னமோ இருக்கு. நேர்ல வந்து கேளுங்க." அவ்வளவுதான் சொன்னார். மனுஷன் வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரே வரியோடு போனை வைத்ததுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

பாம்புச்செவி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நாற்பது பேர் ஊதிக்கொண்டிருக்கும்போது முதுகைக் காட்டி நின்றபடியே, மூன்றாவது ட்ரம்பெட்டில் சுருதி இறங்குகிறது என்று சொல்லிவிடுவாள். பேண்டுக்காரர்கள் பாதி பயத்திலும் பாதி பாசத்திலும் வைத்த பெயர் அது. ஊதுகிற வாத்தியங்களுக்கு மட்டுமே இசை எழுதுகிறவள். தந்தி வாத்தியம் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். கச்சேரிக்கும் எழுதுவாள், சினிமாவுக்கும் எழுதுவாள். கச்சேரி என்றால் இருபது நிமிடம் இஷ்டத்துக்குப் போகலாம். சினிமா என்றால் கதாநாயகி கதவைத் திறக்க எத்தனை வினாடி எடுத்துக்கொள்கிறாளோ அத்தனைதான்.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு கச்சேரி இசை. அதில் எட்டு கிளாரினெட்டுகள் ஒரே ஒரு கீழ் ஸ்வரத்தை நாலு நிமிடம் அறுபடாமல் பிடிக்க வேண்டும். மனுஷ மூச்சு அத்தனை நேரம் தாங்காது. அதனால் முறை வைத்துக்கொண்டு மூச்சு எடுப்பார்கள். ஒருவர் எடுக்கும்போது மற்ற ஏழு பேர் ஊதுவார்கள்; அப்புறம் அடுத்தவர். யாருக்கு எந்த இடத்தில் மூச்சு என்று அவரவர் நோட்ஸில் கோட்டுக்கு மேலே கமா மாதிரி ஒரு சின்னக் குறி இருக்கும். கேட்கிறவர்களுக்கு, மூச்சே விடாத ஏதோ ஒரு பிராணி அரங்கத்துக்கு அடியில் படுத்திருப்பது போலத் தோன்றும்.

நோட்ஸில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் இருக்கிற இடத்துக்குப் பார் என்று பேர். அந்த இசையின் அறுபத்தொன்றாவது பாரில் ஏழு பேருக்கும் சேர்ந்தாற்போல் கமா. அந்த ஐந்து வினாடியை எட்டாவது ஆள் ஒருவர்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதுவும் ஐம்பத்தொன்றிலிருந்து மூச்சே எடுக்காமல், கிட்டத்தட்ட ஒரு முழு நிமிடம். ஏழு பேரும் அறுபத்திரண்டில் திரும்பி வந்த பிறகுதான் அவருக்குக் கமா. அறுபத்துமூன்றில் அவர் தனியாகத் தலைதூக்கி ஒரு மெட்டு வாசிப்பார்.

அந்த எட்டாவது நாற்காலி அவள் கணவருடையது. பேண்டில் அவருக்குத் திமிங்கிலம் என்று பேர். கட்டின மனுஷனைச் சீண்டுவதற்காகத்தான் அந்த பாரையே அவள் எழுதினாள். அவர் அசராமல் பிடித்தார். அறுபத்திரண்டில் அவர் மூச்சு எடுக்கிற விதமே தனி: சூடான தண்ணீரை உறிஞ்சுகிற மாதிரி இரண்டு உறிஞ்சல், முதலில் சின்னது, பிறகு பெரியது. முன்வரிசைக்கே கேட்கும். கொஞ்சம் நாகரிகமாக மூச்சு எடுக்கக் கூடாதா என்று அவள் திட்டாத நாள் கிடையாது.

முதல் கச்சேரி முடிந்த மூன்றாவது வாரம் அவர் போய்விட்டார். இதய வால்வில் பிறவிக் கோளாறு, ஊதியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவருடைய அக்காவுக்கு அது காதில் ஏறவில்லை. "அந்த ஒரு பார்தான் என் தம்பியக் கொண்டுபோச்சு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அந்த நாத்தனார்தான் பேண்டை நடத்துகிற மாஸ்டர். ஆகவே இரண்டு பேரும் தினமும் ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழித்தாக வேண்டும். ஒரு வருஷமாகியும் அந்த வார்த்தை இருவருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது.

இந்த நிலையில்தான் ஒரு டைரக்டர் அந்த இசையைத் தன் படத்துக்குக் கேட்டார். பூட்டிக் கிடந்த அறையை ஒரு பெண் திறக்கிறாள். உள்ளே யாரும் இல்லை. கதவு திறக்கிற ஐந்து வினாடி சுத்தமாகச் செத்துப்போன மாதிரி இருக்க வேண்டும் என்றார். அறுபத்திரண்டோடு காட்சி முடிகிறது. பாம்புச்செவி எட்டாவது நாற்காலியை எடுத்துவிட்டு ஏழு பேருக்கு மாற்றிக் கொடுத்தாள். அறுபத்தொன்றில் ஏழு பேரும் நிறுத்தினால் தானாகவே நிசப்தம். சனிக்கிழமை கச்சேரியிலும் அதையே வாசிப்பது, அறுபத்துமூன்றில் அவருடைய மெட்டு வர வேண்டிய இடத்தை வெறுமையாக விடுவது என்று முடிவாகியிருந்தது.

ஏழாவது நாற்காலியில் அவளுடைய ஒரே மகள். பத்தொன்பது வயது. வீட்டில் சிட்டு.

*

நாத்தனார் முன்னாலேயே வந்து இன்ஜினியர் அறையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூடம் வெறிச்சென்று இருந்தது. அரை வட்டமாக எட்டு நாற்காலிகள், எட்டு மைக்குகள். ஏழு போதும் என்று பாம்புச்செவி சொல்லியிருந்தாள். எல்லாருடைய நோட்ஸும் சேர்ந்த ஸ்கோரின் அட்டையில் எட்டு என்றுதானே இருக்கிறது என்றார் இன்ஜினியர். அட்டையை மாற்றி எழுத அவள் மறந்திருந்தாள். மறந்தாளா, மனசு வரவில்லையா என்பது அவளுக்கே வெளிச்சம்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. ஏழு பேரும் நிறுத்துகிற இடம் வந்தது. கதவு திறக்கிற இடம். ஆறு கிளாரினெட்டுகள் அடங்கின. அடியில் ஒன்று மட்டும் மெல்லிசாக நின்றுகொண்டிருந்தது.

ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு, சுருதிக்கு மயிரிழை கீழே. இருபது வருஷம் அவள் சண்டை போட்டும் திருந்தாத அந்த மயிரிழை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், அது யாருடைய சத்தம் என்று.

ஐந்து வினாடி போனது. மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த ஒற்றைச் சத்தம் அறுந்து ஒரு மூச்சு கேட்டது. தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவர் தலையை வெளியே நீட்டுகிற மாதிரி ஒரு திணறல்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவர் ஒருநாளும் திணறியதில்லை.

"எந்த மைக்?" என்றாள்.

இன்ஜினியர் மேஜையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜை. "எட்டு வரியையும் தனித்தனியா போட்டுப் பாத்தேன் மேடம். எட்டாவது மைக் காலி. ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் சுத்தம்." திரையைக் காட்டினார். "ஏழு."

அதைக் கேட்டதும் நேற்று மத்தியானம் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒலிப்பதிவு நடந்தபோது அவள் வெளியே டைரக்டரோடு பேசிக்கொண்டிருந்தாள்; முடிந்ததும் சிட்டு வாசல் படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. என்ன என்று கேட்டதற்குக் காலையில் சாப்பிடவில்லை என்றாள். இரண்டு பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிட்டு இவள் பாட்டுக்கு மறுபடி டைரக்டரிடம் பேசப் போய்விட்டாள்.

நாத்தனார் அடித்துச் சொன்னாள், அப்படி நடந்திருக்கவே முடியாது என்று. தான் கையை மூடி நிறுத்தச் சொன்னால் இந்தப் பேண்டில் ஒருத்தரும் ஒரு வினாடி கூட ஊத மாட்டார்கள், ஊதினால் தன் கண்ணுக்குத் தப்பாது. உண்மைதான். அவள் கண்ணுக்குத் தப்பி ஒருவர் கொட்டாவி விட முடியாது. ஆனால் சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் குரல் இறங்கியது.

"நான் பாக்கல" என்றாள் கடைசியில். "அந்த பார் வந்தா கண்ணை மூடிக்கறேன். ஒரு வருஷமா அந்த நாற்காலிப் பக்கம் பாக்க முடியல. சத்தம் கேட்டுச்சு, என் மனப்பிரமைன்னு விட்டுட்டேன்."

பாம்புச்செவி ஹெட்போனைக் கழற்றினாள். ஒரு வருஷமாகத் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தவள் அவ்வளவு சின்னவளாக உட்கார்ந்திருந்தது அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

*

பத்து மணிக்கு வாசிக்கிறவர்கள் வந்தார்கள். சிட்டுவைத் தனியாக இன்ஜினியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவள் கிளாரினெட்டும் கையுமாக வந்தாள். அம்மாவின் பார்வை நேராக வாத்தியத்தின் நுனிக்குப் போனது. வாயில் வைத்து ஊதுகிற கறுத்த மவுத்பீஸ். மேல் பக்கம் பல் பதிந்த இரண்டு பள்ளங்கள். பீரோ இழுப்பறையில் அவள் துணி சுற்றி வைத்திருந்த அவருடையது.

கரகரப்புக்கும் மயிரிழைக்கும் காரணம் கிடைத்துவிட்டது. கிடைத்ததும் அவளுக்கு முதலில் வந்தது கோபம்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"கேட்டா குடுத்திருக்க மாட்டே."

"சரி, அறுபத்தொண்ணுல ஏன் நிறுத்தல?"

சிட்டு அம்மாவை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு கக்கத்தில் இருந்த நோட்ஸை எடுத்து மேஜைமேல் விரித்தாள். "இதுல எங்க நிறுத்தச் சொல்லியிருக்கு? நீயே பாரு."

பாம்புச்செவி பார்த்தாள். அவள் கையெழுத்துத்தான். ஐம்பத்தொன்றிலிருந்து அறுபத்தொன்று வரை ஒரு கமா கிடையாது. அறுபத்திரண்டில் ஒன்று. தாளின் தலைப்பில் ஏழு என்று எழுதியிருந்தது. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஏழுக்கு அடியில், ரப்பரால் அழித்த இடத்தில், எட்டு மங்கலாகத் தெரிந்தது.

ஏழு பேருக்கு மாற்றுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தவள், எட்டாவது தாளை ஒதுக்கி வைப்பதற்குப் பதில் ஏழாவது தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, எட்டின் தலையில் ஏழு என்று போட்டிருக்கிறாள். அவருடைய தாளை மகளிடம் கொடுத்திருக்கிறாள். காது மட்டும் பாம்புச்செவி. கை என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. பட்டப்பகலில், ஜன்னலோரம், நல்ல நினைவோடு உட்கார்ந்து செய்த வேலை. அதுதான் அவளை உலுக்கியது. தூக்கக் கலக்கம் என்றால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

"நான் தப்பா எழுதிட்டேன்" என்றாள்.

சிட்டுவின் முகம் மாறியது. "தப்பா?"

"தாள் மாறிப்போச்சு."

"நீ குடுத்தேன்னு நினைச்சேன்மா." விரலால் அந்த மங்கலான எட்டைத் தொட்டாள். "அப்பாவோட பாரை எனக்குக் குடுக்கறே, வாயால சொல்ல முடியாம எழுதிக் குடுத்திருக்கேன்னு நினைச்சேன். ஒரு மாசமா பாத்ரூம்ல உக்காந்து பழகினேன். நேத்து வாசிச்சு முடிச்சப்போ கண்ணு இருட்டிடுச்சு. ஆனா பிடிச்சிட்டேன்."

பெற்றவள் என்ன செய்வாள்? பெருமைப்படுவதா, அடிப்பதா? பெண்ணுக்கும் அதே வால்வுக் கோளாறு இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டச் சொன்னதை இவள் ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள். இல்லை என்று வந்தால் நிம்மதி. இருக்கிறது என்று வந்துவிட்டால்?

"அந்த பார் உனக்கு வேண்டாண்டி" என்றாள். "அது ஒருத்தரக் கொண்டுபோனது போதும்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. மூலையில் இருந்த நாத்தனார் எழுந்து வந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்படிச் சொல்லாத" என்றாள். "டாக்டர் சொன்னது எனக்குப் புரியாம இல்ல. யார் மேலயாவது போடணும் போல இருந்துச்சு, உன் மேல போட்டேன். அதை நீ எடுத்து வெச்சுக்காத."

பாம்புச்செவி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவுக்கும் ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. ஒரு வருஷத்துப் பாரம். இறங்குவதற்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது.

பிறகு கொண்டையிலிருந்த பென்சிலை உருவி வேலையைப் பார்த்தாள். ஐம்பத்துநாலில் ஒரு கமா, ஐம்பத்தெட்டில் ஒன்று, அறுபத்தொன்றில் பெரிதாக ஒன்று. அறுபத்திரண்டில் இருந்ததை அழித்தாள். இனிமேல் அந்த இடத்தில் யாருக்கும் மூச்சு கிடையாது.

"சனிக்கிழமையாவது எட்டாவது நாற்காலியில உக்காரட்டுமா?" என்று கேட்டாள் சிட்டு. "சும்மா, ஏழாவது நோட்ஸை வெச்சுக்கிட்டுத்தான். அந்த இடத்துல யாராவது இருக்கணும் இல்ல?"

அம்மா பென்சிலை மறுபடி கொண்டையில் செருகினாள். வெளியே மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

*

பதினோரு மணிக்கு மறுபடி டேக். இந்தத் தடவை நாத்தனார் கண்ணை மூடுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கூடத்துக்குள் போனாள். பாம்புச்செவி கண்ணாடியை ஒட்டி நின்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இசையைவிட மகளின் மார்பு ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்துநாலில் மூச்சு எடுத்தாள். ஐம்பத்தெட்டில் எடுத்தாள். நல்ல பிள்ளை.

அறுபத்தொன்று.

நாத்தனார் கையை மூடினாள். ஏழு வாத்தியங்களும் ஏழு வாயிலிருந்து விலகின. சிட்டுவின் கிளாரினெட் அவள் முழங்கால் வரை இறங்கியிருந்தது. ஹெட்போனில் சுத்தமான நிசப்தம். டைரக்டர் கேட்ட மாதிரி, செத்துப்போன ஐந்து வினாடி. இன்ஜினியர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பாம்புச்செவிக்கு அழுகை வந்தது. அவர் இல்லை என்பது அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காதில் விழுந்தது. பரவாயில்லை, பெண் இருக்கிறாள், பெண் மூச்சு விடுகிறாள்.

அறுபத்திரண்டு. ஏழு பேரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். ஏழு கன்னங்களும் உப்பியிருந்தன, ஏழு பேரும் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு நடுவே இரண்டு உறிஞ்சல். முதலில் சின்னது. பிறகு பெரியது.

இன்ஜினியரின் கட்டை விரல் மெல்ல இறங்கியது. திரையில் எட்டு வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏழு வரிகள் தடித்து ஓடின. காலியாக இருந்த எட்டாவது வரி அந்த இடத்தில் இரண்டு தடவை மேடு தட்டி, மறுபடி நேராகிவிட்டது.

படத்துக்கான இசை அங்கே முடிந்தது. நாத்தனார் கையை இறக்க வேண்டும். இறக்கவில்லை. பேயறைந்தவள் போல எட்டாவது நாற்காலியைப் பார்த்தபடி, தாளம் காட்டுகிற கோலை அந்தப் பக்கமே நீட்டிக்கொண்டு நின்றாள். தம்பி தனியாக வாசிக்க வேண்டியது அறுபத்துமூன்றில்; அவருக்குக் கை காட்டுவது அவளுடைய இருபது வருஷத்துப் பழக்கம். ஊதுகிறவர்களுக்குக் குழப்பம். ஒவ்வொருவராக வாத்தியத்தை இறக்கினார்கள்.

"மேடம்" என்றார் இன்ஜினியர் தாழ்ந்த குரலில். "அந்த மூச்சை அழிச்சிடலாம். படத்துக்குத் தெரியாது."

அவள் தலையாட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா, அவருக்குப் புரியவில்லை. அவளுக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா யாரும் மூச்சை இழுத்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். இழுத்தால் அடுத்த பாரில் ஊத வேண்டும். படம் அறுபத்திரண்டோடு சரி. சனிக்கிழமை கச்சேரியில் அறுபத்துமூன்று இருக்கிறது.

கதவைத் திறந்துகொண்டு சிட்டு வந்தாள். கிளாரினெட்டில் அப்பாவின் மவுத்பீஸ் இல்லை. அதைக் கழற்றித் துடைத்துக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அது ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

"சரியா நிறுத்தினேனாம்மா?"

"சரியா நிறுத்தினே கண்ணு."

சிட்டு கண்ணாடி வழியாகக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் பயம் இல்லை. பஸ்ஸில் இடம் பிடிக்கப் போய், பரவாயில்லை என்று திரும்பி வந்தவள் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"சனிக்கிழமை நான் ஏழுலயே உக்காந்துக்கறேன். எட்டுல ஆள் இருக்கு."